உத்தம ஆர்ஜவமும் புகைப்பழக்கமும்

(தச தர்மப் பெருவிழாவின் மூன்றாம் நாளன்று, சவ்வாது மலையடிவார ஜினாலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து அறங்களுள் மூன்றாவதாகிய உத்தம ஆர்ஜவத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆர்ஜவம் என்றால் நேர்மை. மனமும் சொல்லும் செயலும் ஒரே கோட்டில் நிற்றல். இதன் பகை மாயை, அதாவது வஞ்சனை. பிறரை ஏமாற்றுவது மட்டும் வஞ்சனையன்று. தன்னிடம் உள்ளதை மறைத்து வாழ்வதும் வஞ்சனையே. இந்த அறத்தைப் பற்றி நூல்வழி விரித்துரைக்க என்னைவிடக் கற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியன். எனக்கு நன்கு தெரிந்த ஒரே ஒரு மறைவைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். அது புகைப்பழக்கம். இருபது ஆண்டுகள் நான் பீடி புகைத்தேன். அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகள் அதை மறைத்தே வாழ்ந்தேன்.

சபையில் சிலர் திகைப்பது தெரிகிறது. நீரை வடிகட்டிக் குடிக்கும் குடும்பம், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் குடும்பம், கிழங்கு வகைகளை விலக்கிய குடும்பம். அதில் பீடியா என்று நினைப்பீர்கள். அந்தத் திகைப்பே நான் பேச வந்த பொருளின் ஒரு பகுதி. நம்மிடையே புகைப்பவர் இல்லை என்று நாம் நம்ப விரும்புகிறோம். ஆகவே புகைப்பவர் மறைகிறார். மறைந்தவருக்கு உதவி கிடைப்பதில்லை.

இளைஞர் சிலர் ஒரு வாதம் சொல்வதுண்டு. நானும் அந்நாளில் சொன்னதுதான். "சூது, ஊன், கள், கணிகை, வேட்டை, களவு, பிறன்மனை என ஏழு வியசனங்களைச் சொன்னார்கள், அவற்றுள் புகையிலை எங்கே இருக்கிறது?" உண்மைதான், இல்லை. இருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492க்குப் பிறகே ஏனைய உலகம் அதை அறிந்தது. போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரம் செய்த காலத்திலும், அதன் வழியில் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்த காலத்திலும் இந்தச் செடி நம் மண்ணில் கிடையாது. பெயர் சொல்லப்படவில்லை என்பதால் அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. வியசனம் என்ற சொல்லின் பொருளையே பாருங்கள். எது ஒருவனை விடாமல் பிடித்துக்கொண்டு, அவன் அறிவுக்கு மாறாக அவனை இழுத்துச் செல்கிறதோ அது வியசனம். அந்த இலக்கணத்துக்குப் புகையிலையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை.

இன்னொரு வாதமும் எனக்கு இருந்தது. இரவு உண்ணாமையை நான் ஒருநாளும் மீறியதில்லை; ஆனால் உண்டு முடித்தபின் தெருக்கோடிக்குச் சென்று பீடி பற்றவைப்பேன். கேட்டால், "புகை உணவன்றே" என்று எனக்கு நானே விடை சொல்லிக்கொள்வேன். சூரியன் மறைந்தபின் விளக்குச் சுடரில் பூச்சி விழுமே என்று அஞ்சி உண்ணாதவன், தன் கையாலேயே தீ மூட்டி, அக்னிகாய உயிர்களையும் வாயுகாய உயிர்களையும் வருத்தி, அந்தப் புகையைப் பக்கத்தில் உறங்கும் குழந்தையின் மூச்சிலும் கலந்தான். இதைவிடக் கோணலான நடை வேறுண்டா?

இப்பழக்கம் எனக்கு வந்த இடம், இதோ நம் தலைக்குமேல் தெரியும் இந்த மலைதான். 1984இல் எனக்கு சவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் பணி கிடைத்தது. அப்போது இது வடஆர்க்காடு மாவட்டம். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிரிந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகவேண்டிய சிற்றூர். சாமையும் புளியும் கடுக்காயும் தேனுமாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். மார்கழிக் குளிரில் ஓலைக் கூரையின் கீழ்த் தனியே இருந்த இருபத்தைந்து வயது இளைஞனுக்கு, உடன் பணியாற்றிய ஒருவர் அன்பாக ஒரு பீடி கொடுத்தார். குளிருக்கு இதம் என்றார். முதல் பீடி இருமலைத் தந்தது. பத்தாவது பீடி இதம் தந்தது. நூறாவது பீடிக்குப் பிறகு இதம் எதுவும் இல்லை. அது இல்லாதபோது ஏற்படும் துன்பத்தை நீக்குவது மட்டுமே அதன் வேலையாயிற்று.

பீடியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. சிகரெட்டைவிடச் சிறியது, இலையால் ஆனது, ஆகவே தீங்கு குறைவு என்பார்கள். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையில், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வீடுகளில் பெண்கள் குனிந்து குனிந்து சுற்றும் அந்தப் பீடியில் புகையிலைத் தூள் குறைவுதான். ஆனால் அந்த இலை எளிதில் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். அதனால் நிகோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடலுக்குள் குறைவின்றிச் சேர்கின்றன. சிறியது என்று எண்ணி ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று ஏறிவிடும்.

அந்த மலையில் நடந்த ஒன்றை நான் இதுவரை பொதுச்சபையில் சொன்னதில்லை. ஓர் ஐப்பசி மாதம் அடைமழை. சாலையில் மண் சரிந்து மூன்று நாட்கள் பேருந்து மேலே வரவில்லை. ஊரில் இருந்த ஒரே பெட்டிக்கடையில் பீடி தீர்ந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் அரிக்கேன் விளக்குடன், ஓடை தாண்டி அடுத்த குக்கிராமத்துக்கு நடந்தேன். பகலில் எறும்புப் புற்றைக் கண்டால் விலகி நடப்பவன், அன்றிரவு எதன்மேல் கால் வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. என் மாணவன் ஒருவனின் பாட்டனார் வீட்டுக் கதவைத் தட்டினேன். புளி சுமந்து பிழைக்கும் முதியவர். என்ன வேண்டுமென்று கேட்டார். சொன்னேன். அவர் முறத்தின் அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். அதில் நான்கு பீடிகள் இருந்தன. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, இந்த மழையில இதுக்கா வந்தீங்க? எனக்கும் விடியக்காலம் இது இல்லாட்டி கை ஓடாது. ஆனா நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, எடுத்துக்கோங்க" என்று நான்கையும் கொடுத்துவிட்டார்.

இரண்டை அவரிடமே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. நான்கையும் வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியிலேயே, விளக்குச் சுடரில் முதலாவதைப் பற்றவைத்தேன். சிராவகனுக்கு நால்வகைத் தானம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஏழையின் கையிலிருந்து அவருடைய விடியற்காலையைத் தானமாகப் பறித்துக்கொண்டு வந்தவன் நான். அன்றிரவுதான் இது நான் ஆளும் பழக்கமன்று, என்னை ஆளும் ஒன்று என்பது விளங்கியது. விளங்கியபோதும் விடமுடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏன் விடமுடியவில்லை? இதற்கு மருத்துவம் தரும் விடையை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டும். புகையை இழுத்த இருபது நொடிகளுக்குள் நிகோட்டின் மூளையை அடைகிறது. அங்கே தனக்குரிய ஏற்பிகளில் பொருந்தி, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. சிறிய நிறைவு உண்டாகிறது. நாளடைவில் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய, பெருகிவிட்ட ஏற்பிகள் வெறுமையாக நின்று கேட்கத் தொடங்குகின்றன. இரவு முழுதும் புகைக்காமல் உறங்கியவர் எழுந்ததும் முதல் வேலையாகப் பீடியைத் தேடுவது இதனால்தான்.

நிறுத்தினால் என்ன நேரும்? சில மணி நேரத்திலேயே தவிப்புத் தொடங்கும். எரிச்சல், கோபம், மனக்கலக்கம், கவனமின்மை, உறக்கமின்மை, மிகுபசி, மலச்சிக்கல், சிலருக்கு வாய்ப்புண், சிலருக்கு முன்னைவிட இருமல். இவை இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைகின்றன. பிறகு மெல்லத் தணிந்து, பெரும்பாலானவை மூன்று நான்கு வாரங்களில் நீங்கிவிடுகின்றன. பசியும் அவ்வப்போது எழும் ஆசையும் மட்டும் சற்று நீடிக்கும். சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடலாம். இத்துன்பங்கள் அனைத்தும் உடல் குணமடைகிறது என்பதற்கான அடையாளங்கள். ஆனால் படுபவருக்கு அது தெரியாது. தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, ஒரு பீடி குடித்தால் சரியாகிவிடும் என்றே தோன்றும். குடித்தால் சரியாகவும் ஆகிவிடும். அங்கேதான் வீழ்ச்சி.

எவ்வித உதவியுமின்றித் தானே நிறுத்த முயல்பவர்களில், ஆறு மாதம் ஓராண்டு தாண்டி நிலைப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர்தான் என்று ஆய்வுகள் கூறுகின்றன. 2016-17இல் நம் நாட்டில் நடந்த வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினர். புகைப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் விட எண்ணுகின்றனர். 38.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் முயன்றும் பார்த்திருக்கின்றனர். அதாவது, புகைப்பவர் மனம் இல்லாதவர் என்பது பிழை. மனம் இருக்கிறது, முயற்சியும் இருக்கிறது, துணைதான் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். மலையிலிருந்து மாற்றலாகி ஊருக்கு வந்தபின், 1995இல் திருமலைக்குச் சென்றேன். போளூர் அருகேயுள்ள அத்திருத்தலம் உங்கள் அனைவருக்கும் தெரியும். குந்தவை ஜினாலயத்தை வணங்கி, மேலே ஏறி, ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் பாறையில் நிற்கும் நேமிநாதர் திருமுன் நின்று, வாழ்நாள் முழுதும் புகைப்பதில்லை என்று சூளுரைத்தேன். அன்று சதுர்தசி, உபவாசமும் மேற்கொண்டிருந்தேன். முதல் நாள் பெருமிதத்தில் கழிந்தது. இரண்டாம் நாள் கைகள் எதையோ தேடின. மூன்றாம் நாள் மாலை, கணக்கில் ஐயம் கேட்டு வந்த என் மூத்த மகளின் நோட்டை வீசி எறிந்தேன். குழந்தை அழவில்லை, என்னை விநோதமாகப் பார்த்தாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லம்மா, நீ உள்ளே வா" என்று என் மனைவி அவளை அழைத்துப் போனாள். அரை மணி நேரத்தில் நான் தெருக்கோடியில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பிழை. விரதம் முறிந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்நாள் விரதத்தை முறித்தவன் என்ற பழிக்கு அஞ்சி, விட்டுவிட்டவனாகவே ஒன்பது ஆண்டுகள் நடித்தேன். ஏலக்காய் மென்றேன். வயல் பார்க்கப் போகிறேன் என்றேன். இங்கே பூசையில் அமர்ந்தேன். பலர் என்னை உதாரணம் காட்டித் தம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார்கள். நான் தலையசைத்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு தீமை இருந்தது, இப்போது இரண்டாயிற்று.

என் மனைவிக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தேன். 2004இல் நெஞ்சு இறுக்கத்துக்காக மருத்துவரைக் காணச் சென்றபோது, அவர் புகைப்பதுண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி, "உண்டுங்க டாக்டர்" என்றாள். வீடு திரும்பும் வழியில் கேட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று. "சட்டை துவைக்கிறது நான்தானேங்க. பையில இருக்கிற தூளைப் பிள்ளைங்க பாக்கறதுக்குள்ள உதறிட்டுத்தான் தண்ணியில போடுவேன்" என்றாள். நான் மறைத்ததை ஒன்பது ஆண்டுகளாக அவளும் மறைத்திருக்கிறாள். பொய்யே அறியாத ஒருத்தியை என் பொய்க்குக் காவல் வைத்திருந்தேன். மாயை என்னும் கஷாயம் ஒருவனோடு நிற்பதில்லை. வீடு முழுதும் பரவுகிறது.

அந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. அதற்கு முன்பு ஒருவர் திட்டியிருக்கிறார். அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. இவர் இரண்டே கேள்விகள் கேட்டார். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? ஒரு நாளைக்கு எத்தனை? ஐந்து நிமிடம், இருபத்தைந்து என்றேன். "இது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, நோயும்கூட. நோய்க்கு மருந்து உண்டு" என்றார். நிகோட்டின் சேர்த்த மெல்லும் பசையைப் பரிந்துரைத்தார். எழுந்து அரைமணி நேரத்துக்குள் புகைப்பவர்க்கு 4 மில்லிகிராம், மற்றவர்க்கு 2 மில்லிகிராம். மிட்டாய்போல் மெல்லக்கூடாது, நாக்கில் காரம் தட்டும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கிவைத்து, காரம் தணிந்தபின் மீண்டும் மெல்லவேண்டும்.

நஞ்சை விட நஞ்சா என்று நான் கேட்டேன். புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றுள் எழுபதுக்குக் குறையாதவை புற்றுநோய் உண்டாக்குபவை. பசையில் அவை இல்லை. தவிப்பைத் தணிக்கும் அளவு நிகோட்டின் மட்டும் சிறிது சிறிதாகக் கிடைக்கும். சில வாரங்களில் அதையும் குறைத்து நிறுத்திவிடலாம். இத்தகைய மருந்துகளால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரவில் வாயில் எதையும் இடாத நம் மக்களுக்கு, இப்போது தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பட்டையும் கிடைக்கிறது. வேறு மாத்திரைகளும் உண்டு. எதையும் மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும். சிறப்பாக இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும்.

மருந்தோடு நம் நெறியும் எனக்குத் துணைநின்றது. ஆனால் இம்முறை அதைச் சரியாகப் பயன்படுத்தினேன். போக உபபோகங்களைக் குறைப்பதில் நம் நூல்கள் இருவகை சொல்கின்றன. கால எல்லை வைத்து ஒன்றை விலக்குவது நியமம். வாழ்நாள் முழுதும் விலக்குவது யமம். நான் முதன்முறை நடக்கத் தெரியுமுன் ஓடினேன், யமத்தில் தொடங்கினேன். இரண்டாம் முறை நியமத்தில் தொடங்கினேன். இன்று சூரியன் மறையும்வரை இல்லை. பிறகு, நாளை உதயம்வரை இல்லை. பிறகு ஒரு பட்சம். பிறகு ஒரு மாதம். முந்தைய நியமம் நிறைவேறிய வலிமை அடுத்ததற்குத் துணையாயிற்று. உபவாச நாளில் தொடங்கவில்லை. பசித்துன்பத்தையும் புகைத்துன்பத்தையும் ஒரே நாளில் சுமக்க என்னால் இயலாது என்பதை 1995இல் கற்றிருந்தேன்.

ஆசை எழும்போதெல்லாம் அது என்றென்றும் நீடிக்கும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்க நம்மிடம் ஒரு வழி முன்பே இருக்கிறது. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒரு முறைக்கு மூன்று மூச்சு வீதம், 27 மூச்சுகளில் ஒன்பது முறை நினைந்து காயோத்சர்க்கத்தில் நிற்பது. நிதானமாகச் செய்தால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அலை தணியாவிட்டால் இன்னொரு முறை. தவிப்புக்கு மருத்துவர் சொன்னதும் ஆழ்ந்து மூச்சுவிடு, தள்ளிப்போடு, தண்ணீர் குடி என்பவைதான். நான் வேறொன்றும் புதிதாகக் கற்கவில்லை.

நம் தமிழ்ச் சமண நூல்கள் ஆஸ்ரவத்தை ஊற்று என்றும், சம்வரத்தைச் செறிப்பு என்றும், நிர்ஜரையை உதிர்ப்பு என்றும் அழகாகச் சொல்லும். கருமமும் நிகோட்டினும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. உவமையாக மட்டும் சொல்கிறேன். புதிதாகப் புகை உட்புகாமல் அடைப்பது செறிப்பு. முன்பு சேர்ந்தது கழிவது உதிர்ப்பு. உதிரும்போது வலிக்கும். அந்த வலியைக் கண்டு ஊற்றை மறுபடி திறந்துவிடுவதுதான் என்னைப் போன்றோர் திரும்பத் திரும்பச் செய்த பிழை. அடைத்தே வைத்திருந்தால் உடல் விரைவாகவே நன்றி காட்டுகிறது. ஒரு நாளில் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. ஓராண்டில் புகையால் கூடியிருந்த இதயநோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது. பத்தாண்டில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

நான் ஒரே முயற்சியில் வென்றேன் என்று எண்ணவேண்டாம். ஐந்து மாதம் கழித்து, உறவினர் ஒருவரின் இறப்பு வீட்டில், நள்ளிரவில், யாரோ நீட்டிய பீடியை வாங்கிவிட்டேன். அன்று முன்போல் மறைத்திருந்தால் இன்று இங்கே நின்று பேசியிருக்கமாட்டேன். விடிந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை; "எத்தனைங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒன்று என்றேன். "அப்போ இன்னையிலிருந்து மறுபடி எண்ணுங்க" என்றாள். அதன்பின் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

நம் ஆசாரியர்கள் மனித மனத்தை நன்கறிந்தவர்கள். விரதங்களை வகுத்த அவர்களே ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்தைந்து அதிசாரங்களையும் வகுத்தார்கள். வழுவல் நேரும் என்று தெரிந்தே வகுத்தார்கள். வழுவியவன் திரும்பிவரப் பிராயச்சித்தத்தை வைத்தார்கள். அதன் வகைகளுள் முதலாவது எது? ஆலோசனை. தன் குற்றத்தை மறைக்காமல் குருவிடம் எடுத்துரைத்தல். இரண்டாவதே பிரதிக்கிரமணம், அதாவது திரும்பிவருதல். சொல்லுதல் முதலில், திரும்புதல் அடுத்து. இன்றைய நாளுக்குரிய ஆர்ஜவம் இந்த முதற்படியில் இருக்கிறது. ஆனால் ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சொல்வதைக் கேட்டுத் தாங்கும் செவி ஒன்று வேண்டும். முதல் நாள் அறமாகிய பொறையைக் கேட்பவர் கடைப்பிடித்தால்தான், மூன்றாம் நாள் அறத்தைச் சொல்பவர் கடைப்பிடிக்க முடியும்.

ஆகவே குடும்பத்தாரிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் ஒருவர் புகைக்கிறார் என்று தெரிந்தால் பந்தியில், பிள்ளைகள் முன்னிலையில் கேட்காதீர்கள், தனியே கேளுங்கள். அவர் விட முன்வந்தால் நாள் ஒன்றைக் குறித்து, முதல் வாரத்தில் அவர்மேல் வேறு சுமை ஏற்றாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள் அவர் சீறினால் அது அவர் குணமன்று, நோயின் குணம் என்று பொறுங்கள். காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். புகையை விட்டவர் உடலில் காப்பியின் வீரியம் முன்னைவிட நெடுநேரம் தங்கி, படபடப்பையும் உறக்கமின்மையையும் கூட்டும். இடையே ஒரு முறை வழுவினால் விரதம் முறிந்தது என்று முத்திரை குத்தாதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இதே அடிமைத்தனம்தான். மலைமேல் என் மாணவர்களின் தாய்மார்கள் பலரும் போட்டார்கள். கீழே நம் வீட்டு மூதாட்டியர் சிலரும் போடுகிறார்கள். புகை இல்லை என்பதால் தீங்கு இல்லையென்று ஆகாது. வாய்ப்புற்றுக்கு அதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர்களுக்கும் ஒரு சொல். நாம் தொடமாட்டோம், பிறருக்கு விற்போம் என்பது ஆர்ஜவத்துக்கு ஒத்துவருமா என்று இன்று மாலை சாமாயிகத்தில் எண்ணிப்பாருங்கள்.

இளைஞர்கள் என்னிடம் வரத் தயங்கினால் தொலைபேசி இருக்கிறது. நடுவண் அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணமில்லை. பெயர் தெரியாத ஒருவரிடம் தமிழிலேயே பேசலாம். சிகரெட், பீடி உறைகளின்மேலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது. நோயும் மருந்தும் ஒரே உறையில். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 2002லிருந்தே புகையிலை நிறுத்த ஆலோசனையை வழங்கிவருகிறது. மின்சிகரெட் தீங்கற்றது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்; 2019லிருந்து அது நம் நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மலைக்கிராமத்துக்குப் போனேன். இப்போது சாலை இருக்கிறது. அந்த முதியவர் காலமாகிவிட்டார். அவருடைய பேரன், என் பழைய மாணவன், வீட்டு வாசலில் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான். அந்த மறைப்பை நான் நன்கு அறிவேன். "மறைக்காதேப்பா, உட்கார்" என்று அவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் தாத்தாவின் நான்கு பீடிகளின் கதையை அவனிடம் சொன்னேன். பிறகு அந்தத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவன் விட்டானா என்று கேட்பீர்கள். இரண்டு முறை விட்டு, இரண்டு முறை தொடங்கியிருக்கிறான். மூன்றாம் முறை முயல்கிறான். ஞாயிறுதோறும் என்னை அழைத்து உள்ளதை உள்ளபடி சொல்கிறான்.

இச்சபையில் என்னை நல்லவன் என்று நம்பி ஒன்பது ஆண்டுகள் ஏமாந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்று வெளிப்படையாக மன்னிப்புக் கோருகிறேன். என் புகையால் வருந்திய எல்லா உயிர்களும் என்னைப் பொறுத்தருள்க. இந்த உரையைக் கேட்டபின் ஒருவர், ஒரே ஒருவர், இன்றிரவு தம் வீட்டில் ஒருவரிடம் உண்மையைச் சொன்னால் அது போதும்.